சிகரெட்டை நிறுத்த வேப்புக்கு மாறலாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 33. கொட்டாஞ்சேனையில் வீடு, கோட்டையில் வேலை. பன்னிரண்டு வருடமாகப் புகைக்கிறார், நாளொன்றுக்குப் பதினைந்து. மூன்று மாதத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொடுத்த வேப் (இலத்திரனியல் சிகரெட்) ஒன்றில் தொடங்கி, இப்போது புறக்கோட்டையில் தானே வாங்குகிறார். சிகரெட் ஆறாகக் குறைந்திருக்கிறது. வேப் நாள் முழுவதும் சட்டைப் பையில் இருக்கிறது. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. இது சிகரெட்டைக் காட்டிலும் பாதுகாப்பானதா, முழுவதுமாக இதற்கே மாறிவிடலாமா, மாறினால் எவ்வளவு காலம் இழுக்கலாம், குழந்தை பிறந்த பிறகு வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

நான் வெள்ளவத்தையில் மருந்தாளராக இருபத்தாறு வருடம் வேலை செய்தவன். பாமசிக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் "சிகரெட்டை விட ஏதாவது மாத்திரை இருக்கிறதா" என்றுதான் கேட்பார்கள். இப்போது பாதிப் பேர் வேப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. வேப் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நன்மை சிகரெட்டை அறவே விட்டவருக்குத்தான் கிடைக்கும். உங்கள் சிக்கல் வேப் அல்ல, மிச்சமிருக்கும் அந்த ஆறு சிகரெட். அதோடு, கொழும்பில் இருக்கும் நமக்கு வேப்பைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. அதை முதலில் முயன்று பாருங்கள் என்பதே என் பதில்.

சிகரெட்டில் கொல்வது நெருப்பு. புகையிலை எரியும்போது 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உண்டாகின்றன. அவற்றில் 70 அளவில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தார் நுரையீரலில் படிகிறது. காபன் மொனொக்சைட் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோட்டின் செய்வது வேறு வேலை. உள்ளே இழுத்த பத்து, இருபது விநாடிகளில் அது மூளையைத் தொட்டுவிடுகிறது. உங்களைத் திரும்பத் திரும்பச் சிகரெட்டிடம் இழுத்துக்கொண்டு போவது அதுதான். மக்கள் நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் தாரினால் சாகிறார்கள் என்ற பொருளில் பிரித்தானிய மருத்துவர் மைக்கல் ரசல் 1976இலேயே எழுதினார். நிக்கோட்டினை நெருப்பில்லாமல் கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தின் விளைவுதான் நிக்கோட்டின் சூயிங்கமும், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும். வேப்பும் அதே வழியில் வந்ததுதான். இன்றைய வடிவிலான வேப்பை 2003 அளவில் உருவாக்கிய சீனர் ஹோன் லிக் ஒரு மருந்தாளர், அவரும் புகைத்தவர், அவருடைய தந்தையை நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோனது. கருவியில் இருப்பது பற்றரி, ஒரு சிறிய சுருள் கம்பி, புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் கலந்த திரவம், அதில் நிக்கோட்டினும் வாசனையும். கம்பி சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. எதுவும் எரிவதில்லை. ஆகவே தாரும் இல்லை, காபன் மொனொக்சைட்டும் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2015இல் வேப்பின் தீங்கு சிகரெட்டைவிட 95 வீதம் குறைவு என்று மதிப்பிட்டது. இலண்டன் ரோயல் மருத்துவர் கல்லூரி அடுத்த வருடம் ஏறத்தாழ அதையே சொன்னது. "95" என்பது விளம்பரம் செய்வோர் வாயில் மந்திரம்போலாகிவிட்டது. அது தராசில் நிறுத்த எடை அல்ல. அன்று தெரிந்தவற்றை வைத்து நிபுணர்கள் போட்ட மதிப்பு. சிகரெட்டினால் வரும் நுரையீரல் புற்றுநோய் தலைகாட்டவே இருபது, முப்பது வருடம் ஆகும். வேப்புக்கு வயதே அவ்வளவுதான். வேப் "குறைந்த தீங்கு" என்பதை நான் நம்புகிறேன். "தீங்கே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வேப்பால் சிகரெட்டை விட முடியுமா? முடியும். இங்கிலாந்தில் 886 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வேப்பும் மற்றவர்களுக்குச் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2019இல் வெளியாகின. ஒரு வருடம் கழித்துச் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள் வேப் பக்கம் 18 வீதம், மற்றப் பக்கம் 9.9 வீதம். ஏறத்தாழ இரு மடங்கு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் மதிப்பாய்வும் அதே திசையில்தான் சொல்கிறது: நூறு பேரில் சூயிங்கம், ஒட்டுப்பட்டை கொண்டு விடுபவர் ஆறு என்றால், வேப் கொண்டு விடுபவர் எட்டு முதல் பத்து.

ஆனால் அந்த 886 பேர் எப்படி விட்டார்கள் என்பதையும் பாருங்கள். அவர்களுக்குக் கிடைத்தது மீண்டும் நிரப்பக்கூடிய கருவி. கொடுத்த திரவத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் என்று அளவு தெரிந்திருந்தது. ஒரு நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து சிகரெட் இல்லை. குறைந்தது நான்கு வாரம், வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் அவர்களோடு பேசினார். இதில் உங்களிடம் எது இருக்கிறது, தம்பி? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 வீதமானோர் ஒரு வருடம் கழித்தும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் விட்டவர்களில் சூயிங்கம், ஒட்டுப்பட்டையைத் தொடர்ந்தவர்கள் 9 வீதமே. எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். நாள் குறிக்காமல் தொடங்கியவருக்கு அதன் பதில் பெரும்பாலும் "வருடக்கணக்கில்" என்பதுதான்.

இனி அந்த ஆறு சிகரெட். பதினைந்து ஆறானதால் பாதிக்கு மேல் ஆபத்துக் குறைந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். மனக்கணக்கு அப்படித்தான் சொல்லும். இதயம் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி. எண்ணிக்கையைக் குறைத்தவர் இருக்கும் சிகரெட்டை ஆழமாக, அடிவரை இழுப்பார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் செய்வது சிகரெட்டுக்குப் பதில் வேப் அல்ல, சிகரெட்டோடு வேப்.

சென்ற மாதம் வந்த ஒருவர் தன் வேப்பை என் மேசைக் கண்ணாடியின் மேல் வைத்தார். தீப்பெட்டியை நெடுக்காக நிறுத்தியதுபோன்ற பச்சைப் பெட்டி. ஓரத்தில் சிறு விளக்கு. கையில் எடுத்ததும் மாம்பழ இனிப்பு வாசனை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. "5 வீதம்" என்பது மட்டும் பெரிதாக இருந்தது. அவர் அதைச் சிறிய அளவு என்று நினைத்திருந்தார். 5 வீதம் என்றால் ஒரு மில்லிலீட்டருக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 20. ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போகும் நிக்கோட்டின் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் என்பதையும் சொன்னேன். அவர் பேசாமல் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு நிக்கோட்டின் தொண்டையை அரிக்காதா என்று கேட்கலாம். அரிக்காது. இவற்றில் இருப்பது உப்பு வடிவ நிக்கோட்டின். அமிலம் சேர்த்துக் காரத்தைத் தணித்திருப்பார்கள். தொண்டை போதும் என்று சொல்லவே சொல்லாது. சிகரெட்டுக்காவது ஒரு முடிவு உண்டு. பற்றவைத்தால் ஐந்து நிமிடத்தில் விரல் சுடும், எறிந்துவிட்டுக் கந்தோருக்குள் போவீர்கள். வேப்புக்கு முடிவில்லை. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு இழுப்பு, கழிப்பறையில் மூன்று, படுக்கையில் கண்ணை மூடும்வரை. பதினைந்து சிகரெட்டுக்காரர் தன்னை அறியாமல் முப்பது சிகரெட்டுக்காரரின் அளவு நிக்கோட்டினுக்குப் பழகுவது இப்படித்தான். நடுராத்திரியில் எழுந்து வேப்பைத் தேடுகிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அச்சட்டத்தின் கீழ் 2016இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள், புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தன. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் பொருளுக்குத் தரச் சோதனையும் இல்லை, கெட்டால் கேட்க ஆளும் இல்லை. இங்கிலாந்து அரசு வேப்பைப் புகைப்பவருக்குப் பரிந்துரைக்கிறதே என்று சிலர் வாதாடுகிறார்கள். அங்கே பரிந்துரைப்பது அளவு கட்டுப்படுத்தப்பட்ட பொருளை. ஒருமுறை பாவித்து எறியும் வேப்பை அவர்களே 2025 ஜூன் முதல் தடைசெய்துவிட்டார்கள். சிங்கப்பூர் 2018இல் வேப் வாங்குவதையும் வைத்திருப்பதையும் பாவிப்பதையும்கூடத் தடைசெய்தது; இந்தியா 2019இல் வேப் விற்பனையை முற்றாகத் தடைசெய்தது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட புகையிலை நிறுத்தல் வழிகாட்டலில் பரிந்துரைத்த மருந்துகள் நிக்கோட்டின் மாற்றுப் பொருட்கள், வரெனிக்லின், பியூப்ரோபியன், சைட்டிசின். வேப் அதில் இல்லை.

வேப்பால் நுரையீரல் ஒரே வாரத்தில் அழிந்துபோகும் என்ற செய்தியையும் கேட்டிருப்பீர்கள். 2019இல் அமெரிக்காவில் நடந்தது அது. 2,800 பேர் வைத்தியசாலை சென்றார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கிய காரணமாகக் கண்டது கஞ்சாச் சத்துத் திரவத்தில் கள்ளச்சந்தைக்காரர் கலந்த வைட்டமின் ஈ அசிற்றேற்று. சாதாரண நிக்கோட்டின் வேப்பின் வேலை என்று நிறுவப்படவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத திரவத்தை நுரையீரலுக்குள் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி நான் சொன்ன நம்பகமான வழி.

ஒரு நாளைக் குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். அன்றிலிருந்து சிகரெட் பூச்சியம். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவர் என்றால் 4 மில்லிகிராம் சூயிங்கம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். கொழும்பின் பெரிய பாமசிகளில் விசாரித்தால் கிடைக்கும். ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்ததில் கேளுங்கள். ஒட்டுப்பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. காலையில் தோளில் ஒட்டும் பட்டை நாள் முழுக்கச் சீராக நிக்கோட்டினைக் கொடுக்கும். திடீரென்று ஆசை எழும்போது சூயிங்கம் கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பாவித்தால் தனித்தனியாகப் பாவிப்பதைவிடப் பலன் கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்டது. வரெனிக்லின் போன்ற மாத்திரை வேண்டுமென்றால் வைத்தியரிடம் போக வேண்டும். அளவுகளையும் அவரே உங்கள் உடல்நிலை பார்த்துச் சொல்லட்டும்.

சூயிங்கத்தை மெல்லத் தெரியாமலேயே பாதிப் பேர் அதைக் கைவிடுகிறார்கள். இனிப்புச் சூயிங்கம்போல மென்றால் நிக்கோட்டின் எல்லாம் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், விக்கலும் நெஞ்செரிவும் வரும், ஆசை தணியாது. "இது வேலை செய்யவில்லை" என்று திரும்பி வருவார்கள். மெதுவாக நாலைந்து முறை மெல்லுங்கள். வாயில் காரமும் கூச்சமும் தெரிந்தவுடன் நிறுத்திக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். கூச்சம் அடங்கியதும் மறுபடி நாலைந்து மெல். அரை மணி நேரம் இப்படியே. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து தேநீர், கோப்பி, சோடா வேண்டாம். வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் கன்னத்துக்குள் ஏறாது.

தேநீரைப் பற்றி இன்னொன்று. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் ஈரலைத் தூண்டி கஃபீனை விரைவாகக் கரைக்க வைக்கின்றன. சிகரெட்டை விட்டவுடன் அந்தத் தூண்டல் நின்றுபோகும். அதே நாலு பிளேன்டீ உடலில் இரு மடங்கு நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். இவற்றை எல்லாம் "சிகரெட் இல்லாத குறை" என்று நினைத்து, மூன்றாம் நாள் கடைக்கு ஓடியவர்களை நான் கண்டிருக்கிறேன். முழுவதுமாக வேப்புக்கு மாறினாலும் இதுவே நடக்கும், ஏனென்றால் தூண்டியது நிக்கோட்டின் அல்ல, புகை. எனவே முதல் வாரத்தில் தேநீரைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களும், மனநோய்க்குக் குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர்களும் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிகரெட் நின்றதும் அந்த மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறும்.

முதல் மூன்று நாள் கடினம். எரிச்சல் வரும், பசி வரும், காரணமில்லாமல் யார்மேலாவது பாய்வீர்கள். இரண்டு, மூன்று, நான்கு வாரத்தில் அது கரைந்துபோகும். ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நிற்கும். அந்த நிமிடங்களைக் கடத்த ஒரு வேலை இருந்தால் போதும். பத்தரை மணிக்குக் கந்தோர் மாடிப்படியடியில் நிற்கும் அந்த நால்வர் கூட்டத்துக்கு ஒரு மாதம் போகாதீர்கள். அவர்கள் உங்கள் நண்பர்களாகவே இருக்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் சந்தியுங்கள். பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று வாங்கும் பழக்கமுள்ளவருக்கு வீட்டில் சிகரெட் இல்லாமலிருப்பது மட்டும் போதாது. எந்த வழியாக வீடு திரும்புகிறீர்கள் என்பதையும் மாற்ற வேண்டும். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அதிகார சபையின் ஆலோசகரோடு பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த 886 பேருக்குக் கிடைத்த வாராந்தப் பேச்சின் இடத்தை நமக்கு நிரப்பக்கூடியது அதுதான்.

இவ்வளவு சொல்லியும் சூயிங்கம் உங்களுக்கு ஒத்துவரவில்லை, வேப் இருந்தால்தான் சிகரெட்டைத் தொடாமல் இருக்க முடிகிறது என்றால், உங்களைத் திட்ட நான் தயாரில்லை. அதற்குக் காரணம் என் அண்ணா. முப்பத்தொரு வருடம் புகைத்தவர். எங்கள் தொடர்மாடியில் மின்தூக்கி நின்றுபோகும் நாட்களில் எட்டாவது படியில் நின்றுவிடுவார். ஒரு கை சுவரில் இருக்கும். விளக்கை ஊதி அணைப்பவரைப்போல உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடுவார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளருக்கு அப்படி விடத்தான் பழக்குகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் "நீங்கள் போங்கள்" என்ற அவருடைய கையசைப்பைப் பார்த்து விலகிப் போவார்கள். அவர் நாலு முறை விட்டு நாலு முறை திரும்பப் பிடித்தவர். அந்த நாட்களில் வேப்போ வேறு எதுவோ அவரைச் சிகரெட்டிலிருந்து பிரித்திருந்தால் நான் நன்றியோடு ஏற்றிருப்பேன்.

ஆகவே வேப்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். சிகரெட் இன்றோடு பூச்சியம். விருந்தில் ஒன்று, மழைக்கு ஒன்று என்பதும் கிடையாது. வேப்பைப் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் கொண்டுபோகாதீர்கள்; முன்பு சிகரெட்டுக்கு வெளியே போனீர்கள்தானே, இதற்கும் வெளியே போங்கள். இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையிலான நேரத்தை வாரத்துக்கு வாரம் நீட்டுங்கள். மூன்று மாதம் சிகரெட் தொடாமல் இருந்த பிறகு வேப்பையும் விட நாள் குறியுங்கள். அப்போது அதே சூயிங்கம் உதவும். வேப்பை விடும் அவசரத்தில் சிகரெட்டுக்கு மட்டும் திரும்ப வேண்டாம். புகைக்காத ஒருவருக்கோ, உங்கள் இளைய தம்பி தங்கைகளுக்கோ "ஒருமுறை இழுத்துப் பார்" என்று அதை நீட்டவே நீட்டாதீர்கள். புகைப்பவருக்குத் தீங்கைக் குறைக்கும் பொருள், புகைக்காதவருக்குப் புதிதாகத் தீங்கைக் கொண்டுவரும் பொருள்.

உங்களுக்கு 33 வயது என்பது எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை. பிரித்தானியாவில் சுமார் 34,000 ஆண் மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முப்பது வயதளவில் விட்டவர்கள் தொடர்ந்து புகைத்தவர்களைவிடப் பத்து வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது வருடம். பணமும் சின்ன விடயமல்ல. உங்கள் கந்தோரில் பிடிக்கும் ரகங்கள் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிவிட்டன; பதினைந்து என்று பார்த்தால் மாதம் நாற்பத்தையாயிரத்துக்கு மேல். பிள்ளை பிறக்கும் வீட்டில் அந்தத் தொகைக்கு என்னென்ன செலவு காத்திருக்கிறது என்று மனைவியிடம் கேளுங்கள்.

கடைசியாக, வீட்டில் வைத்திருக்கலாமா என்ற கேள்வி. மனைவியின் அருகில் சிகரெட் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் புகை குழந்தையின் பிறப்பு எடையைக் குறைக்கும், பிறந்த பின் தூக்கத்திலேயே நேரும் திடீர் மரண ஆபத்தைக் கூட்டும். வேப்பின் ஆவியில் நஞ்சு குறைவு, ஆனால் நிக்கோட்டின் இருக்கிறது. அறைக்குள், வாகனத்துக்குள் அதுவும் வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் அந்தத் திரவம். நிக்கோட்டின் ஒரு நஞ்சு. தவழும் பிள்ளைக்கு ஒரு வாய் போதும், வாந்தியும் வலிப்பும் வர, உயிருக்கே ஆபத்து. மாம்பழ வாசனை வீசும் பொருளைப் பிள்ளை வாயில் வைக்காமல் விடாது. பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் அந்தப் பொருள் வீட்டில் இல்லாமல் போகட்டும். எறியும்போது வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள், உள்ளே இருக்கும் லிதியம் பற்றரி நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை அலுமாரியின் மேல்தட்டில், பூட்டி வையுங்கள்.